பந்தக்காலாக நின்ற தூண்கள்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகப் பதிவேட்டில் 25.120 என்று தொடங்கும் எண்களோடு ஒரு கூட்டம் கற்கள் இருக்கின்றன. முதல் இரண்டு இலக்கங்கள் 1925ஆம் ஆண்டைக் குறிப்பவை, அதாவது அருங்காட்சியகம் அவற்றைத் தனதாக்கிக்கொண்ட ஆண்டை. பதிவேட்டைப் பொறுத்தவரை கற்களின் வாழ்வு அந்த ஆண்டில் தொடங்குகிறது. ஆனால் அப்போதே அவற்றுக்கு எழுநூறு வயது கடந்திருந்தது. அதற்குள் அவை துறவிகளின் நடைபாதையில் நின்றிருந்தன, கொத்தனாரிடம் விலைபோயிருந்தன, ஒரு நீதிபதியின் தோட்டத்தில் திராட்சைக் கொடியைத் தாங்கியிருந்தன, கடலும் தாண்டியிருந்தன.

அவற்றின் பிறந்த ஊர் சேன் கியெம் லெ தெசேர். தெற்கு பிரான்சில், மோம்பெலியே நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில், எரோ ஆற்றின் பள்ளத்தாக்கில் ஒடுங்கிக் கிடக்கிறது. ஏறத்தாழ 250 பேர்தான் குடியிருப்பு. வெர்துஸ் என்ற ஓடை மலையிலிருந்து இறங்கி ஆற்றில் கலக்கும் வழியை ஒட்டியே வீடுகள் வரிசையாக ஏறுகின்றன. நான்கு தெரு என்று சொன்னால் ஒன்றிரண்டை மிகைப்படுத்திச் சொன்னதாகத்தான் ஆகும். கதவுகளில் கர்தபெல் என்ற மலைமுட்பூவைக் காயவைத்து ஆணியடித்திருப்பார்கள். காற்றில் ஈரம் ஏறினால் இதழ் மூடிக்கொள்ளும், வெயில் வரப்போகிறதென்றால் விரியும். வானிலை அறிக்கையைக் கதவிலேயே வைத்திருக்கிற ஊர். நடுவில் ஒரு சதுக்கம், அதில் ஒன்றரை நூற்றாண்டு கண்ட பெரிய பிளேன் மரம், மரத்துக்கு எதிரே மடத்துக் கோயில். ஊர் என்று ஒன்று உண்டானதே அந்த மடத்தால்தான்.

கியெம் பிறவித் துறவி அல்லர். பேரரசர் சார்லமேனின் உறவினர், துலூஸ் பகுதியின் கோமகன், போர்த்தளபதி. 793இல் ஸ்பெயின் பக்கமிருந்து வந்த முஸ்லிம் படையை எதிர்த்துத் தோற்றார், ஆனால் அவர் தந்த எதிர்ப்பு அந்தப் படையின் வேகத்தைக் குறைத்தது. 801இல் பார்சலோனா பிடிபட்டபோது முற்றுகையிட்டவர்களில் அவரும் ஒருவர். இப்படிப்பட்டவர் 804இல் ஜெலோன் என்ற இந்த ஆளரவமற்ற பள்ளத்தாக்கில் ஒரு மடம் நிறுவினார், 806இல் தாமே அங்கே துறவியாகச் சேர்ந்தார். கையில் சார்லமேன் கொடுத்ததாகச் சொல்லப்படும் சிலுவை மரத்துண்டு ஒன்று இருந்தது, ஏசு அறையப்பட்ட சிலுவையின் துண்டு என்ற நம்பிக்கையோடு. இறந்தபின் அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். 1066இல் புனிதர் பட்டம் கிடைத்தது. ஜெலோன் என்ற பெயர் மெல்ல மங்கி, ஊரே அவர் பெயரைத் தாங்கிக்கொண்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது புனிதர்களின் பெயர்கள் ஆகாதவையாகிவிட, ஓடையின் பெயரை முன்னால் வைத்து ஊரைச் சில காலம் ‘வெர்துஸ்’ என்று அழைத்துப் பார்த்தார்கள். அது ஒட்டவில்லை.

வீரர் துறவியானால் கதைசொல்லிகளுக்குக் கொண்டாட்டம். இடைக்காலப் பாணர்கள் கியெமைச் சுற்றி ஒரு காவியத் தொகுதியையே கட்டினார்கள். ஊருக்குள் உலவுவது வேறு ரகம். மலையுச்சியில் இடிந்து நிற்கும் கோட்டையில் ஓர் அரக்கன் இருந்தான், அவனுக்கு ஒரு மேக்பை பறவை காவல், கியெம் மாறுவேடத்தில் போய் அவனைத் தீர்த்துக்கட்டினார் என்பார்கள். சற்றுத் தள்ளி எரோ ஆற்றின் மேல் ‘பிசாசுப் பாலம்’ இருக்கிறது. பகலில் கட்டியதைப் பிசாசு இரவில் இடித்துக்கொண்டே இருந்ததாம். பாலத்தை முதலில் கடக்கும் உயிர் உனக்கு என்று கியெம் அதனோடு ஒப்பந்தம் போட்டு, கடைசியில் ஒரு நாயை முன்னே அனுப்பி ஏமாற்றினாராம். பூனை என்பாரும் உண்டு. உண்மையில் பாலம் எழுந்தது 11ஆம் நூற்றாண்டில், கியெம் போய்ச் சேர்ந்து இருநூறு ஆண்டுக்குப் பிறகு. பிசாசோடு பேரம் பேசியவருக்கு இருநூறு ஆண்டு ஒரு பொருட்டா என்ன.

பாலத்தைக் கட்டியவர்கள் இரண்டு மடத்தார். ஒன்று கியெமின் மடம். மற்றொன்று ஆற்றின் கீழ்ப்பக்கம் சில கிலோமீட்டரில் இருக்கும் அனியான் மடம். அனியானை நிறுவிய பெனெதிக் கியெமின் நண்பர், அவருக்குத் துறவு வழி காட்டியவர். நண்பர்கள் போனபிறகு மடங்களுக்குள் பகை மூண்டது. ஜெலோன் எங்கள் கிளைதான், எங்களுக்குக் கட்டுப்பட்டதுதான் என்றது அனியான். இல்லை, நாங்கள் தனி என்றது ஜெலோன். வழக்கு ரோம் வரை போனது. பழைய பட்டயங்களைத் திருத்தினார்கள், இல்லாத பட்டயங்களை உண்டாக்கினார்கள். அந்தச் சண்டையில் கியெமின் புகழ் ஜெலோனுக்கு நல்ல ஆயுதமானது. எங்கள் நிறுவனர் புனிதர், பேரரசர் கொடுத்த சிலுவைத்துண்டு எங்களிடம், கல்லறை எங்களிடம் என்று சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவது? ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்துபோகும் யாத்திரிகர்கள் ஆர்ல் நகரத்து வழியில் வரும்போது இங்கே வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டின் யாத்திரை வழிகாட்டி ஒன்றே எழுதிவைத்தது. கூட்டம் வந்தது, காணிக்கை வந்தது. அந்தப் பணமும் பெருமையும்தான் நம் கற்களாக உருவெடுத்தன.

மடங்களில் கோயிலை ஒட்டி நான்கு பக்கமும் தூண்வரிசை சூழ்ந்த முற்றம் ஒன்று இருக்கும். நம் கோயில்களின் திருச்சுற்று மாளிகையை நினைத்துக்கொள்ளலாம், என்ன, இதில் பக்தர் கூட்டம் சுற்றாது. துறவிகள் மட்டும் நடப்பார்கள், படிப்பார்கள், பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சேன் கியெமில் பழைய கீழ்த்தளச் சுற்றுமண்டபத்தின் மேல் இரண்டாவதாக ஒரு தளம் எழுப்பினார்கள். 1206க்குள் அது முடிந்திருந்தது. அந்த மேல்தளத்துக்கு வேலை செய்த சிற்பிகளின் பெயர் எதுவும் எஞ்சவில்லை, கைத்திறன் மட்டும் எஞ்சியிருக்கிறது.

அந்தப் பகுதியில் ரோமானியரின் பழைய கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆர்லும் நீமும் பக்கத்தில்தான். சிற்பிகள் அவற்றைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். ரோமானியத் தூண்தலைகளில் வரும் அகாந்தஸ் இலையை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டு விட்டுவிடவில்லை. துளைக்கருவியால் இலை நரம்பு தோறும் ஆழமாகத் துளையிட்டு, சுண்ணாம்புக்கல் என்பதையே மறக்கவைக்கிற அளவுக்குக் குடைந்தெடுத்தார்கள். வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் இலைகள் கல்லை விட்டு எழுந்து நிற்பதுபோல் இருக்கும். ஒரு தூணின் உடலில் பேரீச்ச மரத்தின் செதில்கள், இன்னொன்றில் கொடி சுற்றி ஏறுகிறது. தூண்தலைகள் சிலவற்றில் கதைகள். குழந்தை ஏசுவைக் கோயிலில் காணிக்கையாக்கும் காட்சி ஒன்று. இன்னொன்றில் நரகத்தின் வாய், உண்மையிலேயே ஒரு விலங்கின் வாயாகத் திறந்து பாவிகளை விழுங்குகிறது. எனக்குப் பிடித்தவை கதையில்லாத இலைத் தலைகள்தான். கதை சொல்லும் கடமை இல்லாதபோது அந்தச் சிற்பிகளின் கை தனி மகிழ்ச்சியோடு ஓடியிருக்கிறது.

அடுத்த ஐந்நூறு ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். மடம் செழித்தது, பிறகு தளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் மதப்போர்களில் புராட்டஸ்டன்ட் படையினர் வந்து சூறையாடினார்கள். 17ஆம் நூற்றாண்டில் வேறொரு துறவியர் அமைப்பு பொறுப்பேற்றுப் பழுதுபார்த்தது. 1789இல் கோயிலுக்குப் புதிதாக ஓர் இசைப்பெட்டகம், குழாய்கள் கொண்ட பெரிய ஆர்கன் செய்தார்கள். ஜான் பியேர் கவாயே என்ற கைவினைஞரின் வேலை. ஆண்டைப் பாருங்கள். வேலை முழுமையடையும் முன்பே புரட்சி வந்துவிட்டது. துறவிகளை வெளியேற்றினார்கள், மடத்துச் சொத்து நாட்டுச் சொத்தாகி ஏலத்துக்குப் போனது.

கோயில் தப்பியது, ஏனென்றால் அது ஊர் மக்களின் பங்குக் கோயிலாக்கப்பட்டது. மற்ற கட்டடங்களில் பஞ்சு நூற்கும் ஆலை வந்தது, தோல் பதனிடும் தொட்டிகள் வந்தன. சுற்றுமண்டபம் ஒரு கொத்தனாரின் கைக்குப் போனது. அவர் கண்ணில் அது மண்டபம் அல்ல, ஏற்கெனவே சதுரமாக வெட்டி அடுக்கப்பட்ட கல்குவாரி. யாருக்கு வாசற்படி வேண்டும், யாருக்குச் சுவர் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு விற்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. முறைப்படி விலைக்கு வாங்கிய பொருளை விற்றார். அவரைச் சுற்றியிருந்த எவரும் அதைக் கலை என்று கூப்பிட்டதில்லை. அரசு கோயிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது 1840இல். அதற்குள் மேல்தளம் போயே போய்விட்டது. கீழ்த்தளத்தின் வடக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் மட்டும் நின்றன.

செதுக்கு வேலை உள்ள கற்களில் ஒரு பெரும்பகுதி போய்ச் சேர்ந்த இடம் அனியான். ஆம், அதே அனியான், எழுநூறு ஆண்டுக்கு முன் ஜெலோனை அடக்கப் பார்த்த எதிரி மடத்தின் ஊர். அங்கே பியேர் யோன் வெர்னியேர் என்பவர் சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிபதி. கற்களை வாங்கித் தம் தோட்டத்தில் நிறுத்தினார். லாங்கதோக் பகுதி முழுக்கத் திராட்சை நாடு. நிழலுக்கும் பழத்துக்கும் வீட்டுத் தோட்டத்தில் திராட்சைப் பந்தல் போடுவது வழக்கம். பந்தலுக்குக் கால் வேண்டும் அல்லவா? பேரீச்சச் செதில் தூணும் அகாந்தஸ் தூணும் பந்தக்கால் ஆயின. மீதி அங்கங்கே அலங்காரமாக நின்றன. கல்லில் செதுக்கிய கொடியின் மேல் உயிருள்ள கொடி படர்ந்தது.

இதைப் படிப்பவர்கள் வழக்கமாகச் சிரிப்பார்கள், அல்லது ஐயோ பாவம் என்பார்கள். எனக்கு இந்தக் கதையில் உண்மையான காப்பாளர் அந்த நீதிபதிதான் என்று தோன்றுகிறது. மடத்தால் அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை, புரட்சி அரசுக்கு அக்கறை இல்லை, பின்னால் வந்த தொல்லியல் ஆர்வலர்கள் சில துண்டுகளைத்தான் மோம்பெலியேயில் சேர்த்து வைத்தார்கள். வெர்னியேரின் பந்தல் இல்லையென்றால் இந்தத் தூண்கள் யாரோ ஒருவர் வீட்டு அடித்தளத்தில் முகம் உட்பக்கம் திரும்பிக் கிடந்திருக்கும். திராட்சைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

1906 வாக்கில் அந்தத் தோட்டக் கற்களை வாங்கியவர் அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் கிரே பர்னார்ட். பென்சில்வேனியாவில் பிறந்தவர், பாரிசில் படித்தவர், 1894இல் பாரிஸ் கண்காட்சியில் பெயர் வாங்கியவர். 1902இல் பென்சில்வேனியா மாநிலத் தலைமைக் கட்டடத்துக்குப் பிரமாண்டமான சிற்பக் கூட்டங்கள் செய்யும் ஒப்பந்தம் கிடைத்தது. குடும்பத்தோடு பிரான்சில் மொரே என்ற ஊரில் தங்கிப் பெரும் பட்டறை அமைத்தார். அங்கே அவருக்கு வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் கட்டட வேலையில் நடந்த ஊழல் வெளியாகி, சிற்பத்துக்கு வர வேண்டிய பணம் நின்றுபோனது. உதவியாளர்களுக்குக் கூலி, கல்லுக்கு விலை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பர்னார்ட் பழங்கால வியாபாரத்தில் இறங்கினார். கிராமம் கிராமமாகப் போய், மாட்டுத்தொழுவத்திலும் கிணற்றடியிலும் கிடந்த இடைக்காலச் சிற்பங்களைத் தேடி வாங்கிப் பாரிஸ் வணிகர்களுக்கும் அமெரிக்கச் செல்வர்களுக்கும் விற்றார். இப்படி விற்கப் போனவர் வைத்துக்கொள்ளவும் ஆரம்பித்தார். கதை சொல்வதில் அவர் கை தாராளம், தம் கண்டுபிடிப்புகளைப் பற்றி அவர் சொன்னவற்றில் பாதி அவரே செதுக்கியவை. ஆனால் கண் பொய் சொல்லவில்லை. உளி பிடித்தவர் என்பதால் துளைக்கருவியின் தடத்தைப் பார்த்தே ஆளை எடைபோடத் தெரிந்தது.

இப்படி அவரிடம் சேர்ந்தவற்றில் பிரென்னே மலைச்சாரலின் சேன் மிஷேல் த கூக்சா மடத்துக் கற்களும் இருந்தன. 1913இல் அவற்றை அவர் ஏற்றிச் செல்லப்போவது தெரிந்ததும் உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. பத்திரிகைகள் எழுதின. அதற்குள் பிரான்சு முழுக்கவே இந்தக் கேள்வி சூடாகியிருந்தது, நம் பழமையை அமெரிக்கப் பணம் கப்பலேற்றுகிறதே என்று. பர்னார்ட் சில கற்களைப் பிரான்சுக்கே கொடையாகக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டு, மற்றவற்றை அவசரமாக வெளியேற்றினார். 1913 டிசம்பர் 31 அன்று வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டம் பிறந்தது. கதவு மூடியபோது அவர் பெட்டிகள் வெளியே போய்விட்டிருந்தன. அந்தச் சட்டம் உருவானதில் பர்னார்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் அவருக்குப் பிடித்திருக்காது.

1914 டிசம்பரில் நியூயார்க்கின் வடகோடியில், ஃபோர்ட் வாஷிங்டன் அவென்யூவில், செங்கல்லில் கோயில்போல் ஒரு கட்டடம் எழுப்பிக் கற்களை மக்களுக்குக் காட்டினார். ஐரோப்பாவில் போர் மூண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. உள்ளே மங்கிய வெளிச்சம், சாம்பிராணி வாசனை, காவலாளிகளுக்குத் துறவி அங்கி. அருங்காட்சியகக்காரர்கள் முகம் சுளித்தார்கள், மக்கள் மயங்கினார்கள். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை எண் ஒட்டிய கல்லைவிட, கொஞ்சம் நாடகத்தோடு நிறுத்தப்பட்ட கல் எதற்காகச் செதுக்கப்பட்டது என்பதைச் சீக்கிரம் சொல்லும்.

கையில் காசு நிற்காத பர்னார்ட் இறுதியில் விற்கத்தான் வேண்டியிருந்தது. 1925இல் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் கொடுத்த ஏறத்தாழ 6 லட்சம் டாலரில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அந்தக் கட்டடத்தையும் உள்ளிருந்தவற்றையும் வாங்கியது. 25.120 என்ற எண் அப்போது ஒட்டியதுதான். ராக்பெல்லருக்கு ஒரு காரியத்தைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் இல்லை. பக்கத்திலேயே தாம் வாங்கி வைத்திருந்த ஃபோர்ட் டிரையான் மலையை நகரத்துக்குப் பூங்காவாகக் கொடுத்தார், அதில் புதிய அருங்காட்சியகத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் ஹட்சன் ஆறும், அக்கரையில் நியூ ஜெர்சியின் செங்குத்துப் பாறைகளும் தெரியும். நாளை அந்தப் பாறைமேல் யாராவது மாடிக்கட்டடம் கட்டிவிட்டால்? அக்கரையிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர் வாங்கி, கட்டடம் எழாதபடி பூங்கா ஆணையத்திடம் கொடுத்துவிட்டார். சேன் கியெமில் பாறைக் குன்றுகள் காசில்லாமல் கிடைத்தன. இங்கே அதே கற்களுக்குத் தொடுவானத்தையும் விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

புதிய கட்டடத்தை வடிவமைத்தவர் சார்ல்ஸ் காலன்ஸ். அருங்காட்சியகத்தின் சார்பில் திட்டமிட்ட ஜோசப் பிரெக் 1933இல் இறந்துபோக, பொறுப்பு இளைஞர் ஜேம்ஸ் ரோரிமரிடம் வந்தது. அவருக்கு முன்னால் இருந்த சிக்கலை எண்ணிப் பாருங்கள். சேன் கியெமிலிருந்து வந்தவை ஏறத்தாழ 140 துண்டுகள், தூண்கள், அரைத்தூண்கள், தூண்தலைகள். எது எதன் பக்கத்தில் நின்றது, மொத்தம் எத்தனை இருந்தன, மண்டபத்தின் நீள அகலம் என்ன என்று காட்டும் வரைபடம் ஒன்றுகூட இல்லை. கொத்தனாரும் பந்தலும் அந்த வரிசையை அழித்துவிட்டிருந்தார்கள். ஆகவே இருப்பதை வைத்து ஒரு மண்டபம் புனைந்தார்கள். புதிய வளைவுகளைக் கட்டி நடுநடுவே பழைய தூண்களைப் பொருத்தினார்கள். மேலே தாங்கு கற்களாக போர்தோ அருகே உள்ள லா சோவ் மடத்துக் கற்கள். நடுவில் நீரூற்றாக நிற்பது ஃபிஜாக் ஊர்க் கோயிலின் தூண்தலை. குளிரும் மழையும் கல்லைத் தின்னாதிருக்க மேலே கண்ணாடிக் கூரை. முப்பது அடிக்கு இருபத்துநான்கு அடி என்ற அளவில் ஓர் அழகான சிறு முற்றம். இப்படி ஒரு முற்றம் சேன் கியெமில் ஒருநாளும் இருந்ததில்லை.

‘தி குளோய்ஸ்டர்ஸ்’ என்று பெயரிட்ட அந்த அருங்காட்சியகம் 1938 மே 10 அன்று திறந்தது. பர்னார்ட் அதைக் காணவில்லை. ஏப்ரல் 24 அன்று இறந்துவிட்டார். ரோரிமர் சில ஆண்டுகளில் ராணுவ உடையில் பிரான்சுக்கே போனார். நாஜிகள் கொள்ளையடித்த கலைப்பொருட்களை நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையில் கண்டெடுத்துத் திருப்பி அனுப்பிய அணியில் முக்கியமானவர் அவர். பிரெஞ்சுக் கற்களை நியூயார்க்கில் நிறுத்திய கை, பிரெஞ்சுச் செல்வத்தைப் பிரான்சுக்கு மீட்டுக் கொடுத்த கை. இதில் முரண் இருப்பதாக அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஒன்று கொள்ளை, மற்றொன்று ரசீதோடு நடந்த விற்பனை. சட்டம் அந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. சேன் கியெமின் மேல்தளம் இருந்த வெற்றிடத்தின் கீழே நிற்பவருக்குத்தான் அது அத்தனை தெளிவாகத் தெரியாது.

சரி, கற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பி வந்தாலும் அவற்றை எங்கே நிறுத்துவது? கிராமத்திலும் ஒரு புனைவைத்தான் கட்ட முடியும், நியூயார்க்கில் கட்டியதைப் போலவே. என் கணக்கில் இழப்பு 1906இல் நடக்கவில்லை, கொத்தனார் முதல் தூணைப் பெயர்த்த அன்றே நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கைமாறியது மண்டபம் அல்ல, மண்டபத்தின் துண்டுகள்.

1998இல் யுனெஸ்கோ பிரான்சின் சந்தியாகோ யாத்திரைப் பாதைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சேன் கியெம் கோயிலும் பிசாசுப் பாலமும் அதில் இடம்பெற்றன. ஒரு சிறு பெண்துறவியர் சமூகம் மடத்தில் வாழ்கிறது. கோயிலில் சிலுவைத்துண்டு இருக்கிறது, கவாயேயின் ஆர்கன் இருக்கிறது, முதுகுமூட்டையோடு யாத்திரிகர்கள் வந்து போகிறார்கள். எஞ்சிய இரண்டு பக்கச் சுற்றுமண்டபமும், மடத்துப் பழைய கூடத்தில் மீந்த சிற்பங்களும் பார்க்கக் கிடைக்கும். மோம்பெலியேயில் தொல்லியல் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இன்னும் சில துண்டுகள். மற்றவற்றுக்கு மன்ஹாட்டனில் ஏ ரயில் பிடித்து 190ஆவது தெரு நிலையத்தில் இறங்கி, பூங்காவுக்குள் பத்து நிமிடம் நடக்க வேண்டும்.